ஊர்ப்பெயரும் செயலிப்பெயரும்

பெயர் என்பது ஒரு பொருளைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டுதற்கு இடப்படுவது. பிரித்துக் காட்டாத பெயர் தன் பயனை முற்றும் தருவதில்லை. இவ்வுண்மையை நம் ஊரார் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அனுபவத்தாற் கண்டறிந்தனர்.

இத்தீவின் பழைய பெயர் காரைதீவு. காரைச் செடிகள் மிகுந்திருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். கிழக்கிலங்கையிலும் காரைதீவு என்னும் ஊர் ஒன்று உண்டு. 1892ஆம் ஆண்டிற் சுவாமி விபுலானந்தர் பிறந்தது அவ்வூரிலேயே. அவரவர் தத்தம் அயலாரோடு மட்டும் பேசுமளவும் இரண்டு காரைதீவுகள் இருப்பதனால் எவர்க்கும் இடரில்லை. தபாற் சேவை இலங்கை முழுவதையும் ஒரே ஏட்டிற் கொண்டுவந்த பின்னரே இடர் தோன்றியது. மேலுறையிற் காரைதீவு என்று மட்டும் எழுதப்பட்ட கடிதம் வடக்கே வருவதா, கிழக்கே செல்வதா? இக்குழப்பத்தை நீக்கும் பொருட்டு 1920களின் முற்பகுதியில் நம் ஊர் காரைநகர் எனப் பெயர் பெற்றது.

இன்று நம் மாணாக்கர் சிலர் கணினியிற் செயலிகளை ஆக்கி, அவற்றை இணையத்தில் ஏற்றி, உலகோர் பயன்படுத்துமாறு செய்கின்றனர். அங்ஙனம் ஏற்றும்போது அவர்கள் முதலில் எதிர்கொள்ளும் தடை பெரும்பாலும் நிரலாக்கத்தைச் சார்ந்ததன்று. விரும்பிய பெயரை எழுதியவுடன், “இப்பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது” என்னும் விடை வருகின்றது. வேறொன்றை எழுத, அதற்கும் அதே விடை. ஈற்றில் மனம் சலித்து, பொருளற்ற எழுத்துக்களையும் எண்களையும் கோத்து ஒரு பெயரை இட்டுவிடுகின்றனர். இத்தடையின் இயல்பையும் அதனைக் கடக்கும் முறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் ஏடும்

செயலியைத் தம் கணினிகளில் வைத்து இயக்கி, அதற்கோர் இணைய முகவரியும் கொடுக்கும் நிறுவனங்கள் பல உள. இவற்றின் சேவையை ஹோஸ்டிங் என வழங்குவர். ஈண்டு தாங்குதளம் என்று குறிப்போம். 2007இல் தொடங்கப்பட்டு, பின்னர் சேல்ஸ்போர்ஸ் நிறுவனத்தின் உடைமையான ஹீரோக்கு இவ்வகையிற் பெயர் பெற்றது. அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஹீரோக்குவில் ஏற்றப்படும் செயலிகள் யாவற்றின் பெயர்களும் ஒரே ஏட்டிற் பதியப்படுகின்றன. பயன்படுத்துவோர் எந்த நாட்டினராயினும், எத்தனை கணக்குகளை வைத்திருப்பினும், ஒரு பெயர் ஒரு முறையே அவ்வேட்டில் இடம்பெறலாம். முந்தி வந்தவருக்கே பெயர் உரியது என்பதே விதி. ஆகவே காரைநகர் மாணவன் ஒருவன் “நூலகம்” என்னும் பெயரை விரும்பின், அவன் போட்டியிடுவது தன் வகுப்புத் தோழரோடு அன்று. அத்தளத்தைப் பயன்படுத்தும் உலகோர் அனைவரோடுமாம்.

எல்லாத் தளங்களும் இவ்வாறு ஏட்டை வகுக்கவில்லை. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில், ஒவ்வொரு கணக்கும் தனக்கென ஓர் ஏட்டை உடையது. அங்கே ஆயிரம் பேர் ஆயிரம் “நூலகம்” வைத்திருக்கலாம்; உடையவர் பெயர் முன்னே நிற்றலாற் குழப்பமில்லை. ஆயின் கணக்கின் பெயர் மட்டும் உலகப் பொதுவான ஏட்டுக்கு உரியது. ரெண்டர், வெர்செல் போன்ற தளங்கள் இடைவழி ஒன்றைக் கைக்கொள்கின்றன. விரும்பிய பெயரைச் செயலிக்கு இட அனுமதித்து, முகவரியில் அப்பெயர் முன்னமே இருப்பின் ஈற்றிற் சில எழுத்துக்களைத் தாமே ஒட்டிவிடுகின்றன.

எனவே பெயர் தேடுவோன் முதலிற் கேட்க வேண்டிய வினா, “என்ன பெயர் இடலாம்?” என்பதன்று, “இவ்வேட்டின் எல்லை எவ்வளவு?” என்பதேயாம். இல்லத்தில் ஒரு தம்பி இருப்பின் “தம்பி” என்றழைத்தல் போதும். சந்தையில் நின்று “தம்பி” என்றழைத்தால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பர். பெயர் ஒன்றே, எல்லை விரிந்ததனால் அது போதாதாயிற்று.

2. ஏடு பிறந்த வரலாறு

இணையத்தின் தொடக்கத்திலும் இத்தகைய இடர் எழுந்தது. அதன் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் வலையமைப்பிற் கணினிகளின் பெயர்கள் யாவும் ஒரே பட்டியலில் எழுதி வைக்கப்பட்டன. கலிபோர்னியாவிலிருந்த ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் பெயின்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் நிலையமே அப்பட்டியலைப் பேணியது. புதுக் கணினிக்குப் பெயர் வேண்டுவோர் அந்நிலையத்துக்கு அறிவிப்பர். அப்பெயர் பிறிதொன்றுக்கு இல்லையெனின் அது பட்டியலிற் சேர்க்கப்படும். கணினிகள் சிலவாயிருந்தவரை இம்முறை செவ்வனே நடந்தது. அவை பெருகப் பெருகப் பெயர்கள் மோதின. பட்டியலும் நாள்தோறும் மாறியது.

1983ஆம் ஆண்டிற் போல் மொக்காப்பெட்ரிஸ் என்பார் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்தார். அதன் நுட்பம் எளிது. ஒரே ஏட்டை ஒழித்து, ஏட்டுக்குள் ஏடு, அதற்குள் ஏடு எனக் கிளைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு கிளைக்கும் ஒருவர் பொறுப்பாளர். தம் கிளைக்குள் ஒரு பெயர் இருமுறை வராமற் பார்த்தல் அவர் கடன். இலங்கைக்குரிய எல்.கே. என்னும் கிளை 1990இல் அமைந்தது. தமிழ் எழுத்திலேயே எழுதத்தக்க “.இலங்கை” என்னும் கிளையும் 2010இற் கிடைத்தது.

இம்முறையை நம்மவர் கணினிக்கு முன்னரே அறிந்திருந்தனர். சிதம்பரம் என்றால் தில்லை. நம் ஊர்த் திண்ணபுரத்துச் சிவன்கோயிலுக்கு அப்பெயரை வழங்க விரும்பியோர் “ஈழத்துச் சிதம்பரம்” என்றனர். பெயரும் கிடைத்தது, தில்லையோடு மயக்கமும் இல்லை. இந்துக் கல்லூரிகள் யாழ்ப்பாணத்திலும், மானிப்பாயிலும், கொக்குவிலிலும், பிற ஊர்களிலும் உள. ஊர்ப்பெயரை முன்னே வைத்தமையால் ஒன்றின் கடிதம் மற்றொன்றுக்குச் செல்வதில்லை. நாடக ஆய்வறிஞர் காரை செ. சுந்தரம்பிள்ளையின் பெயரை நோக்குக. ஊர், தலைப்பெழுத்து, இயற்பெயர் என அகன்ற எல்லையிலிருந்து குறுகிய எல்லைக்கு அது வருகின்றது. அன்ரொயிட் செயலிகளுக்கு இடப்படும் உட்பெயரும் இவ்வரிசையிலேயே எழுதப்படுகின்றது: முதலில் ஆள்களம், பின்னர் நிறுவனம், ஈற்றிற் செயலி. இணைய முகவரியோ கடிதத்தின் மேலுறை போன்றது. குறுகியது முன்னும் அகன்றது பின்னுமாக நிற்கும்.

3. எழுத்தும் அளவும்

பெயருக்குரிய இலக்கணத்தை இனிக் காண்போம். ஹீரோக்குவிற் பெயர் 3 எழுத்துக்குக் குறையாமலும் 30 எழுத்துக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்துக்கள், எண்கள், இடைக்கோடு ஆகியவையே வரலாம். முதலில் நிற்பது எழுத்தாகவும், ஈற்றில் நிற்பது எழுத்தாகவோ எண்ணாகவோ இருத்தல் வேண்டும். வெற்றிடத்துக்கும் அடிக்கோட்டுக்கும் இடமில்லை. பெயர் முகவரியின் உறுப்பாகிவிடுவதனால் முகவரி இலக்கணத்துக்கும் கட்டுப்பட வேண்டும். அவ்விலக்கணப்படி புள்ளிகளுக்கிடையே நிற்கும் ஓர் உறுப்பு 63 எழுத்துக்கு மேற்படலாகாது.

இவ்விதிகளிலிருந்து ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். மூன்றெழுத்துப் பெயரில் முதலிடத்துக்கு 26 எழுத்துக்கள். நடுவிடத்துக்கு எழுத்தும் எண்ணும் இடைக்கோடுமாக 37. ஈற்றிடத்துக்கு எழுத்தும் எண்ணுமாக 36. இவற்றைப் பெருக்க 34,632 வரும். உலகம் முழுவதற்கும் இருக்கக்கூடிய மூன்றெழுத்துப் பெயர்கள் இவ்வளவே. அவை விரைவில் தீர்ந்துபோதல் வியப்பன்று. நான்கெழுத்தாயின் தொகை 37 மடங்காகி 12,81,384 ஆகும். பின்னும் ஒவ்வோர் எழுத்துக் கூடுந்தோறும் தொகை 37 மடங்காகப் பெருகும். ஆகவே பெயர்ப் பஞ்சம் என்பது உண்மையில் குறும்பெயர்ப் பஞ்சமே. அகராதிச் சொல் ஒன்றைத் தனியே விரும்புவோர்க்கு அரிதாக இருப்பது, இரு சொற்களைப் பொருள்படச் சேர்ப்போர்க்கு எளிதாகிவிடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு மற்றொரு சிக்கல் உண்டு. நம் எழுத்தில் காரைநகர் என்பது ஒரே வடிவினது. ஆங்கில எழுத்திலோ, “கா” என்பதற்கு ஓர் ஏ எழுதுவோரும் ஈரேகாரம் எழுதுவோரும் உளர். ஈற்றுக் ககரத்துக்குச் சிலர் ஜி எழுதுவர், சிலர் கே எழுதுவர். இவ்விரண்டு இடங்களாலேயே நான்கு வடிவங்கள் தோன்றிவிட்டன. கணினிக்கு இவை நான்கும் வெவ்வேறு பெயர்கள். ஒன்று எடுக்கப்பட்டிருப்பின் மற்றொன்று கிடைக்கும் என்று மகிழ்தல் கூடாது. கனடாவிலிருக்கும் பழைய மாணவர் ஒருவருக்குத் தொலைபேசியிற் பெயரைச் சொன்னால், அவர் தமக்குப் பழகிய வடிவத்தையே எழுதுவார். பிறர் வீட்டு வாயிலிற் போய் நிற்பார். ஊரின் பெயர் அரச பதிவிலும் கல்லூரிப் பெயர்ப்பலகையிலும் எவ்வாறு எழுதப்படுகின்றதோ, அவ்வெழுத்துமுறையையே பின்பற்றுதல் நன்று.

4. உளதா, இலதா என அறிதல்

ஒரு பெயர் எஞ்சியிருக்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது? பலர் செய்வது இது: பெயரோடு தளத்தின் முகவரியைச் சேர்த்து உலாவியில் எழுதி, ஒன்றும் தோன்றாவிடில் பெயர் கிடைக்கும் என முடிவு செய்வர். இம்முடிவு உறுதியானதன்று. காரணங்கள் மூன்று.

முதலாவது, பெயரைப் பதிந்தவர் செயலியை இன்னும் ஏற்றாதிருக்கலாம். அன்றி நிறுத்தி வைத்திருக்கலாம். வீடு பூட்டியிருப்பதனாற் காணிக்கு உடையவர் இல்லையென்று ஆகாது. இரண்டாவது, ஆள்களப் பெயர் முறைமையிடம் வினவினும் பயனில்லை. ஹீரோக்குவின் பொது ஆள்களத்தின்கீழ் எந்தப் பெயரைக் கேட்டாலும் விடை வருமாறு அமைத்துள்ளனர். ஆதலின் விடை வந்ததனாற் பெயர் பதியப்பட்டதென்று கொள்ளவும் இயலாது. மூன்றாவது, 2023ஆம் ஆண்டு ஜூன் நடுப்பகுதியின் பின் அங்கே ஆக்கப்படும் செயலிகளின் முகவரியில், பெயருக்குப் பின்னே தற்செயலான எழுத்துத்தொடர் ஒன்று சேர்க்கப்படுகின்றது. பெயர் மட்டும் உள்ள முகவரி வெறிதாயிருக்க, பெயரோ ஏட்டிற் பதியப்பட்டிருக்கலாம்.

உறுதியான சோதனை ஒன்றே: அப்பெயரிற் செயலியை ஆக்கும்படி தளத்தையே கேட்டல். இருப்பின் மறுக்கும், இல்லையெனின் அக்கணமே பதிந்துவிடும். பார்த்தலும் பதிதலும் இரு செயல்களாயின், அவற்றுக்கிடையே வேறொருவர் புகுந்து கொள்ளலாம். பேருந்தில் இருக்கை வெறிதாயிருப்பதைக் கண்டு, நண்பனை அழைத்து வருவதற்குள் அதில் ஒருவர் அமர்ந்துவிடுவார். அதனாலன்றோ யன்னலூடே லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கின்றனர்!

பெயரொன்றும் கொடாவிடின் ஹீரோக்கு தானே ஒரு பெயரை இட்டுவிடும்: ஓர் அடைமொழி, ஒரு பெயர்ச்சொல், பின்னே சில எண்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் அது போதும். செயலி பயன்படும் என்பது தெளிந்த பின்னர் நல்ல பெயரை இடலாம். பெயர் கிடைக்கவில்லை என்று வேலையைத் தொடங்காதிருத்தல், பிள்ளைக்குப் பெயர் அமையவில்லை என்று பாலூட்டாதிருத்தலை ஒக்கும்.

5. தேர்ந்து கொள்ளும் முறை

நம் கல்லூரி மலர்களின் பழைய இதழ்களை யாவரும் படிக்குமாறு ஒரு செயலி ஆக்கப்படுகின்றது எனக் கொள்வோம். “மலர்” என்பது முதலில் மனத்தில் எழும் பெயர். அஃது இனிய சொல். அதனாலேயே பலர்க்கும் இனியது. இங்கு கைக்கொள்ளத்தக்க வழிகள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, அடையடுத்தல். ஈழத்துச் சிதம்பரம் என்பதுபோல, ஊரையோ நிறுவனத்தையோ முன்னே வைத்தல்: “காரை-மலர்”. அடை பெயரைப் பிறவற்றினின்று பிரிப்பதோடு, செயலி யாருடையது என்பதையும் கூறுகின்றது. வெறும் எண்ணைச் சேர்த்து “மலர்-27” என்றாலோ, பிரிவு உண்டு, பொருளில்லை. அந்த 27 எதற்காக என்று அடுத்த ஆண்டு இட்டவர்க்கே நினைவிராது.

இரண்டாவது, வேரை விடாது ஈற்றை மாற்றுதல். காரைதீவு காரைநகரானது இவ்வாறே. அடையாளத்தைத் தாங்குவது “காரை”; அதனை முன்னோர் கைவிடவில்லை. பொதுச்சொல்லாகிய “தீவு” போய் “நகர்” வந்தது. தீவு பொன்னாலைத் தாம்போதியால் யாழ்ப்பாணக் குடாநாட்டோடு இணைந்துவிட்டமையால் புதிய ஈறும் பொருந்தியது. செயலிக்கும் “மலர்ச்சுவடி”, “மலரகம்” என ஈறு வேறுபடுத்தலாம்.

மூன்றாவது, அயலார் பெருமையை இரவல் வாங்காதிருத்தல். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று, வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் இன்றும் வழக்கில் நிலைத்திருப்பது ஆங்கிலத்தில் வழங்கும் டெல்வ்ற் ஒன்றே. அம்ஸ்ரர்டாம் என்றால் உலகோர்க்கு நினைவு வருவது அந்த மாநகரேயன்றி நம் தீவு அன்று. புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர்களைச் சிறிது திரித்துத் தம் செயலிக்கு இடுவோர்க்கும் இதுவே நேரும். வணிகக் குறிச் சட்டத்தின் தொல்லை வேறு சேரும்.

நான்காவது, உரிமையறிந்து இடுதல். கல்லூரியின் பெயர் ஒருவருடையதன்று. மாணவன் ஒருவன் தன் பயிற்சிச் செயலிக்குக் கல்லூரியின் முழுப்பெயரை இட்டால், காண்போர் அதனைக் கல்லூரியின் குரலாகவே கொள்வர். நிதி திரட்டும் செயலியாயின் இதன் விளைவு பெரிது. அதிபரிடமும் பழைய மாணவர் சங்கத்திடமும் இசைவு பெற்ற பின்னரே அப்பெயரை இடல் வேண்டும். பிரித்தானியாவிலும் கனடாவிலும் வாழ்வோர் தனித்தனியே செயலி அமைப்பின், நாட்டின் பெயரை அடையாக்குதல் அறிவுடைமை.

ஈற்றில், பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க. தொலைபேசியில் ஒருமுறை கேட்டவர் பிழையின்றி எழுத இயலுமாயின் பெயர் நன்று. இடைக்கோடுகள் மூன்று நான்கு இருப்பின் அஃது இயலாது.

6. பெயரைக் காத்தல்

பெயரைப் பெறுதலினும் அதனைக் காத்தல் அரிது. இப்பகுதியை மாணாக்கரும் சங்கப் பொறுப்பாளரும் ஊன்றி நோக்குவாராக.

ஹீரோக்குவில் ஒரு செயலியை அழித்தால் அதன் பெயர் மீண்டும் பொது ஏட்டுக்குச் சென்றுவிடும். எவரும் அதனை எடுக்கலாம். பெயரை மாற்றினால் பழைய முகவரி உடனே இயங்காதொழியும். நம் ஊர் பெயர் மாறியபோது, பழைய பெயரில் வந்த கடிதத்தையும் ஊரறிந்த தபாற்காரர் உரியவரிடம் சேர்த்திருக்கக் கூடும். கணினிக்கு அத்தகைய கண்ணோட்டமில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. சங்கம் தனக்கென ஓர் ஆள்களப் பெயரை வாங்கி, அதன்கீழ் ஒரு கிளைப்பெயரைத் தாங்குதளத்திலுள்ள செயலிக்குச் சுட்டுமாறு அமைக்கின்றது எனக் கொள்வோம். சில ஆண்டுகளின் பின் செயலி நிறுத்தப்படுகின்றது. சுட்டுக்குறிப்போ அகற்றப்படாமற் கிடக்கின்றது. சில தளங்களில், வேறொருவர் கைவிடப்பட்ட அப்பெயரைத் தமதாக்கினால், சங்கத்தின் முகவரியை நம்பி வருவோர் அவர் வாயிலுக்கே செல்வர். பெயர்ப்பலகை நம்முடையது, கடை பிறருடையது. கணினிப் பாதுகாப்புத் துறையில் இது நன்கறியப்பட்ட வஞ்சக வழியாகும். முகவரிகளில் தற்செயல் எழுத்துத்தொடரைச் சேர்ப்பது இவ்வழியை அடைப்பதற்கும் உதவுகின்றது. செயலியை நிறுத்துவோர் முதலிற் சுட்டுக்குறிப்பை நீக்கி, அதன் பின்னரே செயலியை அழித்தல் வேண்டும்.

செயலி நிறுத்தப்படுவது நம் விருப்பத்தால் மட்டும் நிகழ்வதன்று. 2022 நவம்பர் 28ஆம் திகதியோடு ஹீரோக்கு தன் இலவச வசதியை நிறுத்தியது. உலகெங்கும் மாணவர்கள் இலவசமாக நடத்திய செயலிகள் ஓய்ந்தன. தாங்குதளத்தின் முகவரியையே நூலிலும் மலரிலும் அச்சிட்டிருந்தோர்க்கு அதனைத் திருத்த வழியில்லை. ஆதலின் அச்சேறும் முகவரி எப்போதும் நமது சொந்த ஆள்களத்தின் முகவரியாக இருத்தல் வேண்டும். தாங்குதளம் வாடகை வீடு போன்றது. இன்று ஒன்று, நாளை மற்றொன்று. ஆள்களப் பெயர் ஆண்டுதோறும் உரிய கட்டணம் செலுத்துமளவும் நம்மிடமே இருக்கும். வீடு மாறினும் சுட்டுக்குறிப்பை மாற்றிவிட்டாற் போதும். அக்கட்டணம் தனியொருவர் மின்னஞ்சலையும் நினைவையும் நம்பியிராமல், சங்கத்தின் கணக்கில், பொருளாளரின் பொறுப்பில் இருத்தல் நன்று. மாணவர் தலைமுறை மாறும், செயலாளர் மாறுவர், பெயர் மாறாதிருத்தல் வேண்டும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியத்தக்கவை: பெயர் கிடைக்காமை பெயரின் குற்றமன்று, ஏட்டின் எல்லை விரிந்ததன் விளைவு. அவ்வெல்லையை முதலில் அறிக. குறும்பெயரை விரும்பி அலையாது, ஊரும் பயனும் விளங்க அடையடுத்துக் கொள்க. உளதா இலதா என்பதை ஏட்டிடமே கேட்டு, கேட்டபோதே பதிக. பதிந்ததைப் பொதுச் சொத்தாகக் காக்க.

மாணாக்கர்காள்! உங்கள் செயலிக்கு விரும்பிய பெயர் மறுக்கப்படும்போது சலியாதீர்கள். காரைதீவு என்னும் பெயர் மயக்கம் தந்தபோது நம் முன்னோர் பொருளற்ற ஒரு பெயரை இட்டு ஒழியவில்லை. எதனை விடலாம், எதனை விடலாகாது என ஆராய்ந்து, “காரை”யைக் காத்துக்கொண்டு “நகர்” என்பதை ஏற்றனர். ஏறத்தாழ நூறாண்டுகளின் பின்னும் அப்பெயர் மயக்கமின்றி வழங்குகின்றது. நீங்கள் இடும் பெயரும் அங்ஙனம் ஆராய்ந்து இடப்பட்டதாக அமைவதாக.